வலிக்குச் சொந்தக்காரன்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், கால் சுளுக்கிக்கொண்டால், பெற்றவள் வாயிலிருந்து தவறாமல் ஒரு வார்த்தை வரும்: "இந்த வேதனை எனக்கு வந்திருக்கக் கூடாதா?" இதைவிடத் தூய்மையான பிரார்த்தனை உலகத்தில் இல்லை. ஆனால் ஒருநாளும் பலிக்காத பிரார்த்தனையும் இதுதான். சொத்தை எழுதிவைக்கலாம், இரத்தத்தைக் கொடுக்கலாம், இந்தக் காலத்தில் சிறுநீரகத்தைக்கூட எடுத்துக் கொடுக்கிறார்கள். வலியை மட்டும் கைமாற்ற முடிவதில்லை. அப்படியானால், வலிக்கிறவனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்னதான் வேலை?

இந்தக் கேள்வியை என் மனசில் கிளப்பிவிட்டவன் ஏற்காட்டில் ஓர் எட்டு வயதுப் பையன். சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நண்பர் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது அவர் மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது முன்கையை ஒடித்துக்கொண்டான். எல்லோரும் அவனை அழைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வண்டி சாயும்போதெல்லாம் பாட்டி பதறிக்கொண்டு அவன் கையைத் தாங்கப் போவாள். பையன் தலையை ஆட்டி மறுத்துவிடுவான்.

"வேண்டாம் பாட்டி. நானே பிடிச்சுக்கறேன்."

ஒடிந்த கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு, வண்டி திரும்புகிற பக்கம் பார்த்து உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, அவனே அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தான். எப்படி வைத்தால் வலி அடங்கும் என்பது அவனுக்குத் தெரியும். வண்டியில் இருந்த வேறு ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கை விஷயத்தில் அவனே பண்டிதன். நாங்களெல்லாம் பாமரர்கள்.

குழந்தைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி, ஒரு பக்கம் பிளந்தாலும் மறுபக்கம் வளைந்து நிற்கும், சீக்கிரம் கூடிவிடும் என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார். மாவுக்கட்டுப் போடுமுன் பையனிடம், "இது இறுகும்போது கொஞ்சம் சுடும். பயப்படாதே" என்றார். அப்படியே சுட்டது. பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். 'இவர் பொய் சொல்லாதவர்' என்று அந்தப் பார்வை சொல்லிற்று. "வலிக்கவே வலிக்காது" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பொய்யை அவர் சொல்லியிருந்தால், அடுத்து அவர் சொல்லும் மெய்யையும் பையன் நம்பியிருக்க மாட்டான்.

மறுநாள் இரவு. வெளியே ஒரே பனிமூட்டம். தூக்கத்திலிருந்து எழுந்து பையன் முனகினான். "விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. கட்டு ரொம்ப இறுக்குது."

தாத்தா சொன்னார்: "ஆம்பிளைப் பிள்ளை இதுக்குப் போய் அழலாமா? கண்ணை மூடிக்கிட்டுப் படு. விடிஞ்சா சரியாப் போயிடும்."

தாத்தாவுக்குப் பேரன்மேல் உயிர். கல்நெஞ்சத்தில் பிறந்த வார்த்தை அல்ல அது. பையன் தைரியசாலியாக வளர வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் தாயார் விளக்கைப் போட்டு விரல்களைப் பார்த்தாள். வீங்கியிருந்தன, தொட்டால் சில்லென்று இருந்தன. நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பச் சுணங்கிற்று. வீக்கத்தால் கட்டு இறுகக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவள் மாமனாரோடு விவாதிக்கவில்லை. "வண்டியை எடுங்க" என்று கணவரிடம் சொன்னாள். அந்த நேரத்திலேயே மீண்டும் 20 வளைவுகள். மருத்துவர் கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார். சற்று நேரத்தில் விரல்களில் நிறம் திரும்பிற்று. பையன் அங்கேயே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை வரை பொறுத்திருந்தால்? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்பட்டால் தசை மடிந்து சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போய்விடும் என்று 1881-ல் அவர் எழுதினார். அந்த ஊனம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மாவுக்கட்டானாலும் சரி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் கட்டானாலும் சரி, ஆபத்து ஒன்றுதான். சில மணி நேரம் போதும். கதைப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: இதே ஃபோல்க்மன் வேறொரு பெயரில் 1871-ல் தேவதைக் கதைகளும் வெளியிட்டவர்.

தாத்தாவின் காதில் விழாதது தாயாரின் காதில் எப்படி விழுந்தது? இதற்கு விடை தேடும்போது இன்னொரு மருத்துவர் நினைவுக்கு வருகிறார். 1914-ல் பிறந்து, சேர்வராயனுக்குத் தென்கிழக்கே இருக்கும் கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தியவர். நோய் விரல்களைத் தின்றுவிடுவதில்லை என்று அவர் கண்டார். நரம்பு மரத்துப் போகிறது, வலி தெரிவதில்லை, சுடுகிற பாத்திரத்தைத் தயங்காமல் எடுக்கிறார்கள், புண்பட்ட கையாலேயே மண்வெட்டி பிடிக்கிறார்கள். வலி இல்லாமையே கையைத் தின்கிறது.

பின்னாளில் அமெரிக்காவில் அவர் ஒரு செயற்கை வலியை உண்டாக்கப் பார்த்தார். கையில் அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்பும் ஒரு கருவி. பலன் இல்லை. ஒலி கேட்டும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. தன் கைக்கு ஆபத்து என்று ஓசை மட்டும் அறிவித்தால், மனிதன் அதைத் தள்ளிவிட்டுப் போகிறான்!

இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அடுத்தவர் வலி நமக்கு வெறும் ஓசைதான். பக்கத்து அறையில் அடிக்கும் மணி. தன் கைக்காக ஒலிக்கும் மணியையே பொருட்படுத்தாத மனிதன், இன்னொருவன் கைக்காக ஒலிக்கும் மணியை "விடிஞ்சா சரியாப் போயிடும்" என்று தள்ளுவதில் ஆச்சரியம் என்ன? அன்பு இருந்தால் மட்டும் அந்த ஓசை வலியாகிவிடாது. அதை வலி என்று நம்ப வேண்டும். அந்தத் தாய் மகனின் வலியை உணரவில்லை, உணர முடியாது. அவன் சொன்னதை நம்பினாள். நம்பினதோடு நிற்காமல் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். குழந்தைகள் சில சமயம் வலியை மிகைப்படுத்துவார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம்பி ஏமாந்தால் ஓர் இரவுத் தூக்கம் போகும். நம்பாமல் ஏமாந்தால் ஒரு கை போகும்.

அளவு மீறிய பணிவிடையிலும் இதே செவிட்டுத்தனம் உண்டு. ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தபோது முழங்கை விறைத்திருந்தது. பாட்டி தைலத்தோடு வந்து, நீவி இழுத்து நிமிர்த்திவிடத் தயாரானாள். மருத்துவர் தடுத்துவிட்டார். "யாரும் இழுக்கக் கூடாது. விளையாடவிடுங்கள். அவனே நீட்டுவான்." எவ்வளவு நீட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று அவனுடைய வலியே அவனுக்குச் சொல்லும். வேறொருவர் கைக்கு அது தெரியாது. தன் பிரியத்துக்கு வேலை இல்லையே என்று பாட்டி சில நாள் வாடினாள். பையன் பந்தை எறிந்து எறிந்து கையை நிமிர்த்திக்கொண்டான்.

"எனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று ஏங்குவது தாய்மைக்கு இயல்பு. ஏங்கட்டும். ஆனால் வலி பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறது. அதற்குச் சொந்தக்காரன் அவனே. அவன் அதைப் பற்றிச் சொல்லும்போது வாயை அடைக்காமல், காது கொடுத்துக் கேட்டு, எழுந்து விளக்கைப் போடுகிறவர் யாரோ, அவர் அந்த வலியை வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பிள்ளையை அதோடு தனியாக விட்டுவிடவில்லை.