வெள்ளத்தின் சாட்சி

வஞ்சி மாநகரில் மாற்றுருவம் பூண்டு சமயவாதிகளைத் தேடிப் போகும் மணிமேகலை முதலில் கேட்பது அளவைவாதியின் பேச்சை. நிறுப்பதும் முகப்பதும் அவர் வேலையல்ல. எதை எதனால் அறிகிறோம் என்பதே அவர் ஆராயும் கேள்வி. தமிழில் இரண்டுக்கும் அளவை என்ற ஒரே சொல்தான். அறியும் வழிகளைப் பத்தாக அடுக்கும் அவர், அனுமானத்துக்கு உதாரணமாக மழையையும் வெள்ளத்தையும் எடுக்கிறார். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்பது ‘எச்சம்’. கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது ‘முதல்’.

நியாய சூத்திரத்திலும் இதே வெள்ளம் வருகிறது. ஆனால் அங்கே எதிராளி குறுக்கிடுகிறான்: கீழே நீரைத் தடுத்திருந்தாலும் ஆறு நிறையுமே, பிறகு அனுமானத்தை எப்படி நம்புவது? உரைகாரர் வாத்ஸ்யாயனர் (காமசூத்திரக்காரர் வேறு) விடவில்லை. ஆறு நிறைந்திருப்பதை மட்டும் வைத்து மழையை ஊகிக்கச் சொன்னது யார்? நீரின் வேகத்தைப் பார். அடித்து வரும் நுரையையும் இலையையும் கட்டையையும் பார். அரைகுறையாகப் பார்த்தவனின் குற்றத்தை அனுமானத்தின் தலையில் கட்டாதே.

இந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஒக்கீசோபீ ஏரிக்குத் தெற்கே விரியும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் சரிவு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான். புல்லுக்கிடையே நீர் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. நாள் முழுக்க நகர்ந்தாலும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. 1928-ல் அதன் குறுக்கே டாமியாமி சாலை போடப்பட்டது. நீர் வடக்கே தேங்கியது, தெற்கே வற்றியது. வடக்கே நட்ட அளவுகோலில் மட்டம் ஏறி நின்றால் அதை மழையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. எதிராளி சொன்ன தடை கண்ணெதிரே இருக்கிறது. 2013-ல் அந்தச் சாலையின் 1.6 கிலோமீட்டர் நீளத்தைப் பாலமாக உயர்த்தி நீருக்கு வழிவிட்டார்கள்.

எவர்கிளேட்ஸின் கடலோர அலையாத்திக் காடுகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. உள்நாட்டு ஆறு என்றால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, எவ்வளவு நீர் ஓடுகிறது என்று அட்டவணையில் பார்த்துவிடலாம். ஓதம் ஏறி இறங்கும் ஷார்க் ஆற்று முகத்தில் அது நடக்காது: ஒரே மட்டத்தில் நீர் கடலுக்குப் போகவும் செய்யும், கடலிலிருந்து உள்ளே ஏறவும் செய்யும். ஆகவே ஒலி அலையை அனுப்பும் கருவியை நீருக்குள் வைக்கிறார்கள். மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்திலிருந்து வேகமும் திசையும் தெரிகின்றன. வாத்ஸ்யாயனர் கரையில் நின்று பார்க்கச் சொன்ன நுரையும் இலையும் இங்கே கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிவிட்டன. நீர் உள்ளே ஏறும்போது பதிவில் மைனஸ் குறி விழுகிறது.

இத்தனையும் எச்சம். கணினியில் அமைக்கும் மாதிரி செய்வதோ ‘முதல்’: மழை, ஆவியாதல், ஓதம் ஆகியவற்றைக் கொடுத்து நாளைய நீர்மட்டத்தைக் கேட்பது. சதுப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புல் தரும் தடையை ஓர் எண்ணாக்குகிறார்கள். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-ல் முன்வைத்த, திறந்த கால்வாய்களுக்கான சூத்திரத்தோடு சேர்ந்த எண் அது. புற்காட்டிலோ ஆழம் மாறினால் தடையும் மாறும். எனவே கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போகும்வரை எண்ணைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

சங்கடம் இங்கேதான். தடையைக் கூட்டினாலும் அதே மட்டம் வரும். ஆவியாதலைக் குறைத்தாலும் வரும். விடை சரி, காரணம் தவறு என்று ஆகலாம். காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் பாலம் கட்டினால் நீர் எங்கே போகும் என்று கட்டுவதற்கு முன்பே கேட்பவருக்குக் காட்சி மட்டும் போதாது. இன்னும் இல்லாத பாலத்தை யார் கண்டது?

அதனால் இன்னொரு அடையாளத்தையும் தேடிப் போகிறார்கள்: உப்பு. மேலிருந்து வரும் நன்னீர் குறையும் வறட்சிக் காலத்தில் கடலின் உப்பு ஆற்றுமுகம் வழியே உள்ளே ஏறுகிறது. மட்டத்தைச் சரியாகச் சொன்ன அந்தக் கணினி மாதிரி உப்பு எதுவரை ஏறும் என்பதைத் தவறாகச் சொன்னால் பழைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.