கையில் இல்லாத நேரம்

அம்மா தண்ணீரை வடிகட்டாமல் அடுப்பில் ஏற்றி நான் பார்த்ததே இல்லை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. கிணற்று நீரை மடித்த வெள்ளைத் துணியில் வடிப்பார். பிறகு துணியைக் கவிழ்த்து, வடித்த நீரை அதன்மேல் ஊற்றி அலசி, அதை மறுபடி அதே கிணற்றில் சேர்ப்பார். துணியில் தங்கிய உயிர், பிறந்த தண்ணீருக்கே திரும்ப வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த நான் போன மாதம் டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்று, குறைந்த விலையில் நம்பகமான செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆசை மகனுடையது. 15 வயது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தார். வேட்டை இல்லை, காகித இலக்கு மட்டும். வீடு திரும்பியதும் ஊருக்கு போன் போட்டேன். "என்னாத்துக்குடா அது நம்ம வீட்டுக்கு?" என்றார் அம்மா. அந்தக் கேள்வியைத் தட்டிவிட என்னால் முடியவில்லை.

முதல் ரைபிள் .22ஆக இருக்கட்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். தோட்டா மலிவு, தோளில் உதைப்பு அநேகமாக இல்லை. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 1964இல் வந்த ரூகர் 10/22. மற்றது அதற்கு நாலு வருஷம் மூத்த மார்லின் 60, பழையதாகக் கிடைத்தால் மலிவு. ரூகரில் பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசினைக் கழற்றிக் கையில் எடுத்துவிடலாம். மார்லினில் குழலுக்கு அடியில் நீளக் குழாய் ஒன்று ஓடுகிறது, தோட்டாக்கள் அதற்குள் வரிசையாக நிற்கும். அருமையான துப்பாக்கிதான். ஆனால் காலியாகிவிட்டது என்று நினைத்த குழாயில் ஒரு தோட்டா சிக்கி நின்றுவிட்டால் வெளியே தெரியாது. ரூகரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு வேற்றுமை போதுமானதாக இருந்தது. எதை வாங்கினாலும் போல்ட்டை இழுத்துத் தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், அது வேறு.

எங்கள் நூல்களில் இல்லறத்தார் விரதங்களில் ஒன்று அநர்த்த தண்ட விரதம். தேவையில்லாமல் விளைவிக்கும் தீங்கை விடுவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அதை ஐந்தாகப் பிரிக்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்த நூலைத் தழுவியதுதான். ஐந்தில் ஒன்று ஹிம்சாதானம், அதாவது உயிரை வருத்தும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பது. கோடரி, வாள், நெருப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் மண்வெட்டிக்கும் இடமுண்டு. நிலம் உழுது பிழைத்த எங்கள் அப்பா வீட்டில் மண்வெட்டி இல்லாமல் எப்படி? இருந்தது. தொழிலில் தவிர்க்க முடியாத ஹிம்சையை இல்லறத்தாருக்கு நூல்கள் தனியாக வைத்துப் பேசுகின்றன. ஆனால் எலிப்பொறி கேட்டு யாராவது வாசலுக்கு வந்தால் அப்பா கொடுக்க மாட்டார். சின்ன வயதில் அதைக் கருமித்தனம் என்று நினைத்தேன். அது கருமித்தனம் இல்லை.

கடையில் நிரப்பச் சொன்ன 4473 படிவத்தில் ஒரு கேள்வி: இதை வாங்குவது உண்மையில் நீங்கள்தானா, வேறு ஒருவருக்காகவா? பேனாவோடு அங்கேயே நின்றுவிட்டேன். ஹிம்சாதானத்தைப் பற்றி அந்த அரசாங்கத் தாள் கேட்டுவிட்டது. எனக்காகத்தான் என்று குறித்தேன். பூட்டாமல் அலமாரியில் சாய்த்து வைத்தால் அந்தப் பதில் அன்று இரவே பொய்யாகிவிடும். எடுக்கிற எவருக்கும் நானே கொடுத்ததாகிவிடும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியைப் போட்டு வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சஸ் சட்டப்படியும் குற்றம்தான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். சுடுவது ஒரு மணி நேரம். மிச்சம் 167 மணி நேரம் அது என் கையில் இல்லாத நேரம். "நம்பகமானதா" என்று நான் கேட்டபோது அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே நினைத்திருந்தேன். துப்பாக்கிக்கு 300 டாலருக்குச் சற்று மேல் ஆயிற்று. அந்த விலையில் பாதிக்கு மேல் இன்னொரு தொகையை இரும்புப் பெட்டிக்குக் கொடுத்தேன். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி.

அந்த ஒரு மணி நேரமும் லேசானதில்லை. போல்ட் ஆக்ஷன் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கை பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். செமி-ஆட்டோமேட்டிக்கில், வெடித்த தோட்டாவின் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளி, வெற்று உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். மனிதனுக்கு மிஞ்சுவது விசையை அழுத்தும் விரல் மட்டும். கை செய்த வேலை எல்லாம் போய்விட்டது, சங்கல்பம் மட்டும் நிற்கிறது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சை எது என்று சொல்லும்போது அசட்டையை அதற்குள்ளேயே வைத்திருக்கிறது. கருத்தில்லாமல் நடப்பவனால் போகிற உயிர்தான் ஹிம்சை. இயந்திரம் எவ்வளவு வேலையை வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுக்கு என் கருத்து கூட வேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாவது வாரம் மகன் விசையை அழுத்தினான். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருக்கிறது. அது எங்காவது விட்டுப்போயிருந்தால் இப்படி ஆகும், சில சமயம் தாமதித்தும் வெடிக்கும். பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி அவன் துப்பாக்கியை இறக்கவில்லை. குழலை இலக்குக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுக்கு நேராகப் பிடித்தபடி வாய்விட்டு எண்ணினான். முப்பது வரைக்கும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. அவன் பாட்டி துணியை அலசும்போது இருக்கிற அதே முகம்.

இத்தனைக்குப் பிறகும் அம்மா கேட்ட இன்னொன்று அப்படியே இருக்கிறது. "குண்டு போய் விழுற அந்த மண்ணுல புழு பூச்சி இருக்காதாப்பா?" மழைக்குப் பின் அந்த மேட்டில் புல் முளைத்திருந்தது. புல் இருந்தால் வேர் இருக்கும், வேர் இருந்தால் அம்மா சொன்னது இருக்கும். இருக்கும்மா என்றேன்.