தன் வினையும் பிறர் வினையும்

காட்பாடி ரயில் நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் போகிறவர்கள். பக்கத்திலிருக்கும் காங்கேயநல்லூரை நினைத்து வருகிறவர்கள் குறைவு. 1906 ஆகஸ்ட் 25 அன்று ஆன்மிகச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் பிறந்த ஊர் அது. 1993 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே உயிர் பிரிந்த அவருக்குச் சமாதிக் கோயில் இருப்பதும் அங்கேதான். அவரைப் பற்றி இரண்டு குரல்களே ஓங்கிக் கேட்கின்றன. அடியார்களுக்கு அவர் அறுபத்து நான்காவது நாயன்மார். குறைசொல்ல நாக்கு எழக்கூடாது. பகுத்தறிவு இயக்கத்தாருக்கோ விதியைக் காட்டி மக்களை அடங்கிக் கிடக்கச் செய்த புராணப் பிரசங்கி. இந்த இரண்டு தீர்ப்பாலும் அவருடைய போதனையின் நடுவிலிருக்கும் கேள்வியைத் தொட முடியவில்லை. வினைப்பயன் என்ற சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்லலாம்?

முதலில் அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தந்தை மல்லையதாச பாகவதரிடம் வீட்டிலேயே தமிழும் இசையும் கற்ற அவர், கந்தபுராணத்தையும் பெரியபுராணத்தையும் திருப்புகழையும் புலவர்களின் திண்ணையிலிருந்து கோயில் வாசலுக்கும் ஊர்த் திடலுக்கும் கொண்டுவந்தார். எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்களும், பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு வந்து மண்ணில் உட்கார்ந்தவர்களும் அருணகிரிநாதரின் கடினமான சந்தங்களுக்குப் பொருள் அறிந்தார்கள். கூட்டத்திலிருந்த குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களைப் பாராட்டினார். 'திருப்புகழ் அமிர்தம்' என்ற இதழை நெடுங்காலம் நடத்தினார். வயலூர் முருகன் கோயிலுக்குத் திருப்பணி செய்த அதே கை, சாதியையும் சாத்திரச் சண்டையையும் தள்ளிய வள்ளலாரின் வடலூர் சத்திய ஞான சபைக்கும் திருப்பணி செய்தது. இவரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வடலூர்ப் பணிக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

ஆனாலும் அடியார்கள் தவிர்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. 1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சராக இருந்த அண்ணா புற்றுநோயால் மறைந்தார். அதையொட்டி, எப்பேர்ப்பட்ட மருத்துவர் வந்தாலும் விதியை வெல்ல முடியாது என்ற பொருளில் வாரியார் பேசினார் என்று செய்தி பரவ, தமிழகம் கொந்தளித்தது. அவருடைய கூட்டங்களுக்கு எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் வன்முறை கலந்திருந்தால் அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அந்தக் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நோயில் கிடப்பவர், 'இது என் வினை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். வலியைத் தாங்க ஒரு பிடிமானம். அதையே அருகில் நிற்பவர் சொன்னால், நோயாளியைக் குற்றவாளியாக்கித் தன் கடமையிலிருந்து நழுவுவதாகிவிடுகிறது.

இது நாத்திகரின் வாதம் அல்ல, சைவத்துக்குள்ளேயே இருக்கிறது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரியபுராணம். அப்போது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கமே, இந்தத் துன்பம் முன்வினையால் வந்தது என்று சொல்லிக்கொண்டு அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறது. வினை உண்டு என்பதைச் சம்பந்தர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக்குவதைத்தான் மறுத்தார். பெரியபுராணத்தை வாழ்நாளெல்லாம் விரித்துரைத்தவர் வாரியார். அவர் பெயரால் பரவிய விதிவாதத்தை அந்தப் பதிகத்தை வைத்தே திருத்தலாம்.

குருவை எடைபோடுவது குருநிந்தை என்பார்கள். ஆனால் ஊர் நடுவே நின்று ஊருக்குச் சொன்ன சொல்லை ஊர் ஆராயத்தான் வேண்டும். அந்த ஆராய்ச்சியும் மரியாதைதான். இன்னொரு தடை இதைவிடக் கனமானது. வினைக்கொள்கை உண்மையானால் எல்லாருக்கும் உண்மை, தனக்கு ஒன்று பிறருக்கு ஒன்று என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். சைவ சித்தாந்தப்படி ஒவ்வோர் உயிரின் வினைக்கும் கணக்கு வைத்திருப்பவன் இறைவன். அந்த ஏட்டைப் படித்தவர் யாருமில்லை. அப்படியிருக்க, படிக்காத ஏட்டைக் காட்டி அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? நம் முன்னால் விரிந்திருப்பது நம் கடமை என்ற ஒரே பக்கம்தான்.

வாரியார் பிறந்த வேலூரைச் சுற்றிய இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் இது ஏட்டுச் சர்ச்சை அல்ல. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களின் வினை என்று சொல்லியிருந்தால் சுவர் கட்டியவரையும் கண்காணிக்க வேண்டியவரையும் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. பாலாறு டேனரிக் கழிவால் பாழானதையும் இந்த மண்ணின் தலைவிதி என்று விட்டிருந்தால் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற 1996 தீர்ப்பும் வந்திருக்காது. வாரியாரின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்று மேடையேறுகிறவர்கள் அந்தச் செங்குன்றூர்ப் பதிகத்தை ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும், டேனரித் தொழிலாளர்களோடு முதலாளிகளையும் உட்காரவைத்து விரித்துரைக்கட்டும்.