பண்டிகையும் துடக்கும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர் நாவற்குடா. 2004 டிசெம்பர் 26ஆம் நாள், நத்தார்ப் பண்டிகையின் மறுநாள், கடல் எழுந்து கல்லடி, நாவலடி முதலாய அயற்கரைகளோடு இக்கரையையும் தாக்கிற்று. பத்தொன்பது நாள் கழித்துத் தைப்பொங்கல் வந்தது. 31ஆம் நாள் கிரியை முடியாத வீடு துடக்கு வீடு. அங்குப் பொங்கல் இல்லை. துயரம் வந்தால் பண்டிகை விலகும் என்பது நம் வழக்கம்.

யூதர் சட்டம் இதற்கு நேர்மாறானது. துக்கம் காக்கத் தொடங்கியபின் பண்டிகை வந்தால், ஏழு நாள் துக்கம் அத்தோடு முடிவுறும். பண்டிகையின் நடுவே அடக்கம் நிகழ்ந்தால், பண்டிகை கழிந்த பின்னரே ஏழு நாள் தொடங்கும். பலருக்குரிய மகிழ்ச்சிக் கடமை ஒருவருக்குரிய துக்கக் கடமையினும் வலியது என்பது தல்மூது காட்டும் காரணம்.

கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சம் வெகுள்கிறது. பிள்ளையைப் புதைத்த தாயிடம் 'விழா முடியட்டும், பிறகு அழு' என்பது கொடுமையன்றோ? பலரின் பெயரால் ஒருவரின் வாயை அடைப்பது அதிகாரத்தின் பழைய தந்திரமன்றோ?

ஆயின் அச்சட்டம் அத்தோடு நிற்கவில்லை. துக்கத்தைத் தள்ளிவைத்த அது, ஆறுதலைத் தள்ளிவைக்கவில்லை. பண்டிகை நாட்களிலும் ஊரார் துயருற்றவரைத் தேற்றியாக வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. துக்கம் காப்பவர் தொழில் செய்யலாகாது. மூன்று நாளுக்குப் பின் வறியவர் மட்டும் தம் வீட்டினுள் மறைவாகச் செய்யலாம். ஆனால் அந்நிலைக்கு அவரை விட்ட அயலவர்மீதே சாபம் சேரும் என்கின்றனர் அறிஞர்.

நம் வழக்கிலும் இந்த அறம் இல்லாமலில்லை. சாவீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வளவிலிருந்து சோறு வரும். எனினும் துயரத்தைத் 'துடக்கு' என்று பெயரிட்டு விலக்கி வைக்கிறோம். 31ஆம் நாளோடு துடக்கு கழிந்த பின்னும், நன்மை காரியங்களில் கைம்பெண்ணை முன்வரவிடாத வீடுகள் இன்னும் உள்ளன. அவள் துயரை மதிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். மெய்யாக, அவளைக் கண்டு அஞ்சுகிறோம்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருள் குழந்தைகள் பலர். அவ்வீடுகளுக்கு இனிப் பண்டிகையும் துக்கமும் வெவ்வேறல்ல. எது முந்தியது என்ற விதிக்கும் அங்கு இடமில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் அன்றைய சனாதிபதி உள்ளிட்டோர் தடுக்கத் தவறினர் என 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது. அயலவர்மீது சேரும் அச்சாபம் அரசுகளுக்கும் உரியதே.

ஆகவே, பண்டிகையா துக்கமா என்ற கேள்வியை நாம் மாற்றிக் கேட்க வேண்டும்: துயருற்றவரைத் தனியே விட்டது யார்? அழுவதா, பொங்குவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பொங்க விரும்பினால் அவருடைய பானையை நம் பானைக்கருகே வைப்போம். விரும்பாவிடின், நம் பொங்கல் ஆறுமுன் அவர் வாசலுக்குச் செல்வோம்.