வருகைப் படியும் வராத நாளும்

கூலியை உயர்த்தினால் தொழிலாளி வேலைக்கு வரமாட்டான் என்பது முதலாளிமாரின் பழம்பாட்டு. கீழ்மட்டத்தவரை வறுமையில் வைத்திருந்தாலன்றி அவர்கள் உழைக்கமாட்டார்கள் என்று ஆதர் யங் என்னும் ஆங்கிலேயர் 1771இலேயே எழுதிவைத்தார். அந்த வாதம் நமது மலையகத்தில் வேறு வேடம் பூண்டது: அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டவேண்டாம், ஒழுங்காக வருபவருக்கு மட்டும் மேலே கொஞ்சம் கொடுப்போம்.

2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. விலைப்பங்குக் கொடுப்பனவு 30. வருகைக்கான ஊக்கத்தொகை 140. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாள்களில் 75 வீதமேனும் வந்தவருக்கே அந்த 140 உண்டு. 25 நாள் வேலையெனில் 19 நாள் பேர் விழவேண்டும். பதினெட்டோடு நின்றவள் அந்தப் பதினெட்டு நாளுக்குமான 2,520 ரூபாவை இழப்பாள். ஆகவே இருபதாம் நாளின் பெறுமதி 620 ரூபா. பத்தொன்பதாம் நாளின் பெறுமதியோ 3,140 ரூபா! மாதத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தால் படுக்கலாம். கடைசி வாரத்தில் வந்தால் கூடையைத் தூக்கவேண்டியதுதான்.

"எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே, வருவதும் வராததும் அவரவர் விருப்பம்" என்பார்கள். ஒருபுறம் பிள்ளையின் காய்ச்சல், மறுபுறம் கடையிலுள்ள மாக் கணக்கு. இவ்விரண்டையும் தராசிலிட்டுப் பார்க்கும் தாயின் முடிவை விருப்பம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை. நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சுகவீன விடுமுறையில் படுத்திருக்கும்போதும் சம்பளம் வருகிறது. நமது ஒழுக்கத்தைப் பற்றி யாரும் ஐயுறுவதில்லை.

வராத நாளெல்லாம் சோம்பிக் கிடந்த நாளுமன்று. அயலிலுள்ள மரக்கறித் தோட்டத்தில் கூலி அதிகமாயின் அங்கே போகிறார்கள். முதலாளி அதிக விலைக்கு விற்றால் அது கெட்டிக்காரத்தனம். தொழிலாளி தன் நாளை அதிக விலைக்கு விற்றால் மட்டும் பொறுப்பின்மையாம்!

2016இல் வருகைப் படி 60 ரூபாவாகக் குறைந்தது. 2019இல் நீக்கப்பட்டு, அடிப்படை 700 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், நாளொன்றுக்கு 200 ரூபாவாக, அரசின் செலவில் அதனை மீண்டும் கொண்டுவந்தது. பணம் திறைசேரியிலிருந்து வந்தாலும் கணக்கிடப்படுவது பெரட்டுக்களத்துப் பதிவுதான். மருத்துவத் துண்டு காட்டும் நாளையும், நோயுற்ற பிள்ளையோடு இருந்த நாளையும் வந்த நாளாகவே பதியவேண்டுமெனத் தொழிற்சங்கங்கள் முதலிற் கேட்கட்டும்.