பட்டமும் பருவமும்

பல்கலைக்கழகக் கல்வியைக் குறித்த காலத்துக்கு முன்னரே முடித்துக்கொள்வது அறிவுடைமையா, அவசரமா? 2024ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, மூன்றாண்டுப் பட்டத்தை ஒரு பருவமும், நான்காண்டுப் பட்டத்தை இரு பருவங்கள் வரையும் குறைத்து முடிப்பதற்கு வழிவகுத்தபோது இவ்வினா புத்துயிர் பெற்றது. பேராதனை மாணவர்க்கு இச்செய்தி சற்று நகைப்பையும் தரக்கூடும். குறித்த காலத்திலேனும் முடிந்தாற் போதும் என்றிருப்போர் அவர்கள்.

ஆயினும் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. மூன்றாண்டிற் பொதுப் பட்டத்துடன் வெளியேறுவதா, நான்காண்டு இருந்து சிறப்புப் பட்டம் பெறுவதா என்ற வடிவில் அது கலைப்பீடத்தில் நெடுங்காலமாகவே வாழ்ந்து வருகின்றது.

இதன் வேர் நமது உயர்கல்வி வரலாற்றிலேயே உள்ளது. 1921இற் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. எங்கிருந்து, எவரிடம், எத்துணைக் காலம் கற்றாய் என்று வெளிவாரிப் பரீட்சை வினவுவதில்லை. விடைத்தாள் ஒன்றே அதற்குச் சான்று. இது போதாதெனக் கருதியோரின் கனவே பேராதனை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 முதல் வேண்டிநின்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் உருவாகி, 1952இல் மகாவலிக் கரைக்கு வந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை வதிவிடப் பல்கலைக்கழகமாகவே வளர்த்தார். ஒக்ஸ்போர்டில் இளங்கலைப் பட்டத்துக்கு ஒன்பது பருவங்கள் அங்கேயே வதிந்திருத்தல் வேண்டும் என்னும் விதியின் பின்னுள்ள கருத்தும் இதுவே: உடனுறைந்து வாழ்ந்த காலமும் கல்வியின் ஒரு கூறு.

இன்று நாம் இரண்டையும் ஒருங்கே நம்புகின்றோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஓராண்டுக் கல்வி முப்பது கிரெடிட். ஒரு கிரெடிட் ஐம்பது மணித்தியாலக் கற்றல். கல்வி இவ்வாறு மணித்தியாலங்களின் தொகையே எனின், ஒருவர் அவற்றை விரைந்து ஈட்டிக்கொண்டு புறப்படுவதைத் தடுக்கும் நியாயம் எதுவுமில்லை. காலமும் ஒரு கூறு எனின், எக்காலம் என்று கேட்டாக வேண்டும்.

'பருவம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் தவணை என்றும் பொருள். கனியும் நிலை என்றும் பொருள். தடியால் அடித்துக் கனி பழுப்பதில்லை என்பர். மெய்தான். ஆனால் கொப்பிலேயே இருந்து அழுகும் கனியும் உண்டு. 1987 முதல் 1989 வரையிலான கிளர்ச்சிக் காலத்திற் பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடப்பட்டுக் கிடந்தன. 2020இற் பெருந்தொற்று மீண்டும் வாயிற்கதவை அடைத்தது. உயர்தரப் பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையே காத்திருந்தே கழியும் காலம் வேறு. இவற்றை எல்லாம் 'முதிர்ச்சிக்கான காலம்' என்று போற்றுவோமாயின் அது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். காத்திருத்தல் வேறு, தங்கியிருத்தல் வேறு.

இப்பொழுது, கண்டிக்கு அணித்தான தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தாய் கொழுந்து பறிக்கின்றாள். இளையோர் இருவர் பள்ளியில் உள்ளனர். சிறப்புக் கற்கைக்குரிய தகுதி அவளுக்கு உண்டு. எனினும் ஓராண்டு முந்தினால் ஓராண்டுச் சம்பளம் வீட்டுக்கு வரக்கூடும். அவள் மூன்றாண்டில் வெளியேறினால் அதனை அவசரம் என்று இகழ்வது எவ்வாற்றானும் பொருந்தாது. அவளது காலம் அவளுடையது மட்டுமன்று. லயத்தில் உள்ள மூவரும் அதிற் பங்காளிகள். தோழரை முந்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே விரைபவரையும் அவளையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. முன்னவர் இழப்பது இன்னதென அறியாமலே இழக்கின்றார். அவளோ அறிந்தே இழக்கின்றாள்.

இழப்பு என்று வேண்டுமென்றே கூறுகின்றேன். அவளைப் பாராட்ட முற்படும் சிலர், ஓராண்டு மிச்சம் என்று கணக்கிடுவர். நான்காம் ஆண்டிலன்றோ மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதுகின்றனர்! அதுவரை விடை தெரிந்தவர் கேட்ட வினாக்களுக்கே அவர்கள் விடையிறுத்தனர். அங்குதான் முதன்முறையாக, விடையை எவரும் அறியாத வினாவொன்றைத் தாமே எழுப்பி அதனோடு மாதக்கணக்கில் உடனுறைகின்றனர். தவறான வழியிற் சென்று திரும்புதற்கும் அங்கு இடமுண்டு. அந்த அலைச்சலுக்கு எத்தனை கிரெடிட் என்று எழுதினாலும் அதன் அளவு அதுவன்று. பின்னாளில் முதுகலைமாணிக் கற்கைக்கு அவள் மீளலாம் என்பர், மீள்வோரும் உளர். இருபத்துமூன்று வயதின் ஓய்வு முப்பத்தைந்தில் மீளுமா என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்.

ஆகவே, 'இருந்து படி' என்று அவளுக்கு உரைக்கும் விரிவுரையாளரும் தோழரும், அந்த நான்காம் ஆண்டின் விலையைச் செலுத்துபவர் யார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். 1945 முதல் கல்வி இலவசம். அவ்விலவசம் கட்டணத்தை நீக்கிற்று. 1981இற் சட்டவாக்கம் பெற்ற மகாபொல நிதியம் தரும் உதவித்தொகை, மாணவியின் உணவுக்கும் நூலுக்கும் ஒருவாறு கைகொடுக்கலாம். அவள் உழைப்பை எதிர்பார்த்திருக்கும் வீட்டை நோக்கி வகுக்கப்பட்டதன்று அது.