விலை கூறப்படும் இலக்கம்

வாகன இலக்க ஏலத்தில் கைமாறுவது ஓர் உரிமை மட்டுமே. பிரித்தானியாவில் 1989 முதல் அரசே இந்த ஏலங்களை நடத்திவருகிறது. இப்போது அவை இணையவழியில் நடக்கின்றன. எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அங்கே இலக்கம் வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை. தன் வாகனத்தில் அதைப் பொருத்திக் காட்டலாம், வேண்டாதபோது இன்னொருவருக்குக் கைமாற்றலாம், அவ்வளவுதான். அதற்கே 2014இல் ‘25 ஓ’ என்ற இலக்கத்துக்குக் கட்டணங்களும் சேர்த்து 5 இலட்சத்து 18 ஆயிரம் பவுணுக்கு மேல் கொடுக்கப்பட்டது. ஹொங்கொங்கில் 2008இல் ‘18’ 1 கோடியே 65 இலட்சம் ஹொங்கொங் டொலருக்குப் போனது. இந்தியாவில் மாநிலப் போக்குவரத்துத் துறைகள் ‘பேன்சி நம்பர்’களை இணையத்தில் ஏலம் விடுகின்றன, கொச்சியில் 2025 ஏப்ரலில் 0007 என்ற இலக்கத்துக்கு 45 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா கேட்கப்பட்டது. புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவர் வாழும் நகரங்கள் பலவற்றில் இத்தகைய தகடு புதுமையல்ல. பெயரைப் போல வாசிக்கக்கூடிய தகட்டைச் சிலர் அழகுக்காக வாங்குகிறார்கள். வேறு சிலர் வாங்குவது கூட்டெண்ணுக்காக, அதாவது இலக்கங்களைக் கூட்டினால் வரும் எண்ணுக்காக. சமயக் கேள்வி எழுவது இந்த இரண்டாம் வகையினரால்.

யாழ்ப்பாணத்தில் புது வாகனம் முதலில் போகும் இடம் கோயில். சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சில்லின் கீழே தேசிக்காய் நசித்த பிறகே அது தெருவுக்கு வரும். அந்தச் சடங்கின் தொடர்ச்சி போலவே கூட்டெண் பார்க்கும் வழக்கமும் இன்று நடக்கிறது. இலக்கங்களைக் கூட்டி எட்டு வந்தால் சனியின் எண் என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் தமிழரின் பழைய சோதிடம் நட்சத்திரம், இராசி, திதி ஆகியவற்றைக் கொண்டு கணிப்பது. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கிக் கிரகத்தோடு பொருத்தும் இன்றைய முறை பரவியதில், கீரோ என்ற புனைபெயர் கொண்ட ஐரிஷ்காரரின் நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் பயம் ஊருக்கு ஊர் மாறவும் செய்கிறது. எட்டு என்றால் ஹொங்கொங்கில் செல்வம். அரியானாவில் 2025 நவம்பரில் நான்கு எட்டுகள் கொண்ட ஓர் இலக்கத்துக்கான கேள்வி 1 கோடியே 17 இலட்சம் ரூபா வரை ஏறியது. கேட்டவர் பிறகு பணம் கட்டவில்லை என்பது வேறு கதை.

இதற்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை கறாரானது. உயிரைப் பிணிக்கும் மூன்று மலங்களில் ஒன்று கன்மம். அந்தக் கன்மமே சடப்பொருள். தானாக எவரையும் சென்று பற்றும் அறிவு அதற்கு இல்லை. வினைப்பயனை உரியவரிடம் சேர்ப்பவன் இறைவன் என்பது சித்தாந்திகளின் வாதம். செய்த வினைக்கே அந்தத் திறன் இல்லையென்றால், பதிவு அலுவலகம் கொடுக்கும் நான்கு இலக்கங்களுக்கு எங்கிருந்து வரும்? கிரகங்களைப் பற்றியும் இதே நிலைப்பாடுதான். திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது கோள்நிலை நன்றாயில்லை என்று அப்பர் தடுத்தார் என்றும், அதற்கு விடையாகவே கோளறு பதிகம் பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. கோள்கள் அடியாரைத் தீண்டா என்பதே அப்பதிகத்தின் பொருள். திருமறைக்காடு, அதாவது வேதாரணியம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நேர் அக்கரை. இக்கரையிலும் அந்தப் பதிகம் நன்றாகவே பாடப்படுகிறது. பாடுகிறவர்களிலும் கூட்டெண் பார்ப்பவர்கள் உண்டு.

இதற்கு மறுப்பும் உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. சைவமே குறிகளால் நிறைந்த சமயம்: திருநீறு, உருத்திராக்கம், ஐந்தெழுத்து, நூற்றெட்டு உரு. எழுத்துக்கும் எண்ணுக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது என்றால் தகட்டில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை? வேறுபாடு குறியிலே இல்லை, அது கைக்கு வரும் வழியிலே இருக்கிறது. ஐந்தெழுத்து தீட்சையால் வருவது. தீட்சைக்கு அளவுகோல் உயிரின் பக்குவம். அந்தப் பக்குவம் வந்தபோது இறையருள் உயிரில் பதிவதையே சித்தாந்தம் சத்திநிபாதம் என்கிறது. ஏலத்துக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று, அடுத்தவர் சொன்ன தொகைக்கு மேல் ஒரு தொகை. ஏலத்தில் வென்றவரைப் பற்றி அந்த இலக்கம் தரும் செய்தியும் அது மட்டுமே. அதனால்தான் அலங்காரத் தகட்டைச் சித்தாந்த நோக்கில் பார்ப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கன்மத்தைவிட, மும்மலங்களில் இன்னொன்றான ஆணவம்.

ஆனால் ஏலம் கோயிலுக்கு அந்நியமானதல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் நேர்த்தியாக வந்த பழமும் சேலையும் ஏலம் கூறப்படுவதுண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்திய எலுமிச்சம்பழங்கள் ஏலத்துக்கு வரும். 2024இல் ஒன்பது பழங்கள் 2 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாவுக்குப் போயின. பிள்ளைப்பேறு வேண்டுவோரே பெரும்பாலும் கேட்பவர்கள். அந்தத் திருவெண்ணெய்நல்லூர்தான் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் என்பது கவனிக்கத்தக்கது. அவரும் பிள்ளையில்லாத் தம்பதிக்கு வேண்டுதலால் பிறந்தவர் என்கிறது வரலாறு. ஆனால் அங்கே வழிகாட்டியது திருமுறை ஏடுகளுக்கிடையே கயிறு சாத்தி, வந்த ஏட்டைப் பார்த்தது. வந்த பதிகம் திருவெண்காட்டைச் சுட்டியது, பெற்றோர் அங்கே போய் வேண்டினர். கயிறு சாத்துவதில் பணக்காரனுக்கு முன்னுரிமை கிடையாது. எந்த ஏடு வரும் என்று சாத்துகிறவருக்கும் தெரியாது.

கோயில் ஏலத்துக்கும் இலக்க ஏலத்துக்கும் இடையே இரண்டு வேறுபாடுகளைச் சொல்லலாம். ஏலம் எடுத்த பழம் அன்றே வீட்டாருக்குள் பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிடும், மறுவிற்பனை இல்லை. இலக்கமோ ஆண்டுக்கணக்கில் தெருவில் காட்டப்படும், விலை ஏறினால் விற்கப்படும். இரண்டாவது, பழத்துக்குக் கொடுக்கும் தொகை பழத்தின் விலை என்று எவரும் நினைப்பதில்லை, அது காணிக்கை. இந்த எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. குருவாயூர்க் கோயிலுக்குக் காணிக்கையாக வந்த மகிந்திரா தார் வாகனம் 2021 டிசம்பரில் 15 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவுக்கு ஏலம் போனது, கேட்டவர் ஒருவரே. அந்த ஏலம் சர்ச்சையாகி, 2022இல் மறுபடி நடந்தபோது 43 இலட்சம் கிடைத்தது. வாகனம் அதே வாகனம். மிகுதித் தொகை பக்திக்கா, பெயருக்கா என்று பிரித்துச் சொல்ல அளவுகோல் இல்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் உள்ளூர்க் கூலித்தொழிலாளிக்கும் அதே சீட்டு, அதே ஒரு ரூபா. இருபத்தைந்து நாள் மகோற்சவத்தின் பெருங்கூட்டத்திலும் அது மாறுவதில்லை. ஏலம் ஆட்களை வரிசைப்படுத்தும். ஒரு ரூபாச் சீட்டு அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது.

தகட்டில் உள்ள குறிக்கு யாழ்ப்பாணம் ஒருமுறை வேறு வகையில் விலை கொடுத்திருக்கிறது. 1957 ஜனவரியில் வாகன இலக்கங்களோடு சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் ‘ஸ்ரீ’ பொறித்த வாகனங்கள் ஓடின. 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ தாங்கிய அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் மறுபடி மூண்டது, பலர் சிறை சென்றனர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில், தமிழரசுக் கட்சியோடு பிரதமர் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. திருமகளின் பெயரான அந்த எழுத்து எந்த நன்மையையும் கொண்டுவரவில்லை. ஒரு குறி மனிதரிடத்தில் என்ன செய்யும் என்பதை அதை எழுதுபவரின் நோக்கமும் எழுதப்படுபவரின் நிலையுமே தீர்மானித்தன.

எஞ்சுவது தருமத்துக்காக நடக்கும் ஏலம். துபாயில் 2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், ‘பி 7’ என்ற இலக்கம் 5 கோடியே 50 இலட்சம் திர்ஹமுக்கு விற்கப்பட்டது; அந்த ஏலத்தின் வருவாய் நூறு கோடி உணவு வழங்கும் நிதிக்குப் போனது. ஹொங்கொங்கிலும் சிறப்பிலக்க ஏலத்தின் வருவாய் சமூகநல நிதிக்கே சேர்கிறது. சைவ நூல்கள் புண்ணியத்தைப் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பயனை எதிர்பார்த்துச் செய்யும் நல்வினை முதல் வகை. அதற்குரிய போகத்தைத் தந்து அது தீர்ந்துபோகும். சிவனை நினைந்து செய்வது இரண்டாவது, அது வீட்டுநெறிக்கு இட்டுச்செல்லும். இந்தப் பகுப்பின்படி தரும ஏலத்தில் இலக்கம் வாங்கியவர் செய்தது பசுபுண்ணியம். பசித்தவர் உண்பது அதனால் குறையப்போவதில்லை. வாங்கியவரின் பயனோ அவர் விரும்பிய அந்தத் தகட்டோடு பெரும்பாலும் கைக்கு வந்து முடிந்துவிடுகிறது.